பாடியவர் பெயரும் பதிந்தவர் பெயரும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் வட்டம் நடத்திவரும் அயல்நூல் அறிமுக வரிசையில் பேச வேண்டும் எனச் செயலாளர் அழைத்தபோது, கவிதை நூலொன்றையோ திறனாய்வு நூலொன்றையோ நான் தேர்ந்தெடுப்பேன் என்றே அவர் எதிர்பார்த்திருப்பார். நான் எடுத்துக்கொண்டதோ ஒரு ராக் இசைக்குழுவின் ஒலிப்பதிவு நாட்குறிப்பு. நூலின் பெயர் ‘தி கம்ப்ளீட் பீட்டில்ஸ் ரெக்கார்டிங் செஷன்ஸ்’. எழுதியவர் மார்க் லூயிசன். இங்கிலாந்தில் 1988 ஆம் ஆண்டு வெளிவந்தது. மேலை இசையில் எனக்குப் பயிற்சி இல்லை. இவ்வுரைக்காகவே அக்குழுவின் பாடல்களை முதன்முதலாக வரிசையாகக் கேட்டேன். எனவே இசையைப் பற்றி அன்று, ஒரு பதிப்பாசிரியரின் உழைப்பைப் பற்றியே பேசப் போகிறேன். அந்த உழைப்பு என் பழைய பிழையொன்றை எனக்குக் காட்டிக்கொடுத்தது. அதனையும் இந்த அவையில் சொல்லியாக வேண்டும்.

முதலில் நூல். லண்டனில் ஆபீ ரோடு என்னும் தெருவில் இ.எம்.ஐ. நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடம் இருந்தது. பீட்டில்ஸ் குழுவினர் நால்வரும் 1962 ஜூன் 6 அன்று முதன்முதலாக அங்கே நுழைந்தனர். அந்நாள் தொடங்கி 1970 வரை அங்கும் பிற கூடங்களிலும் அவர்கள் பாடிப் பதிந்த நாள்களை ஒவ்வொன்றாக வரிசைப்படுத்திச் சொல்கிறது இந்நூல். நிறுவனம் காத்துவைத்திருந்த மூல ஒலிநாடாக்களைக் கேட்கும் வாய்ப்பு லூயிசனுக்குக் கிட்டியது. நாடாப் பெட்டிகளின் மேல் எழுதப்பட்டிருந்த குறிப்புகளையும் அலுவலகத் தாள்களையும் அவர் ஒப்பிட்டார். கூடத்தில் பணிபுரிந்தோரைத் தேடிச் சென்று உசாவினார். ஏடு தேடி, பாடம் ஒப்பிட்டு, பெரியோரைக் கேட்டு ஐயம் தெளிந்த நம் பதிப்பாசிரியர்களின் வழியும் இதுவேயன்றோ! கையில் ஏட்டுக்குப் பதிலாக நாடா இருந்தது என்பதே வேறுபாடு.

நூலின் அமைப்பு மிக எளியது. ஒவ்வொரு பதிவிலும் நாள், எந்தக் கூடம், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எந்தப் பாடல், எத்தனை டேக் என்பன முதலில் வருகின்றன. டேக் என்பது ஒரு பாடலைத் தொடக்கத்திலிருந்து பாடிப் பதியும் ஒரு முயற்சி. அதன்பின் தயாரிப்பாளர் பெயர், ஒலிப்பதிவுப் பொறியாளர் பெயர், அவருக்கு உதவியாக நாடாக் கருவியை இயக்கிய இரண்டாம் பொறியாளர் பெயர். இந்த மூன்றாம் பெயரைத்தான் நான் மீண்டும் மீண்டும் நோக்கினேன். இளம் வயதில் வேலைக்குச் சேர்ந்து, பொத்தானை அழுத்துவதும் நாடாவை மாற்றுவதும் பெட்டியில் குறிப்பு எழுதுவதுமாக இருந்த இளைஞர்கள் அவர்கள். இசைத்தட்டின் உறையில் அவர்களுக்கு இடமில்லை. இந்நூலிலோ நாள்தோறும் இருக்கிறது.

சில நாள்களை மட்டும் எடுத்துக் காட்டுகிறேன். 1963 பிப்ரவரி 11. குழுவின் முதல் ஆல்பத்திற்கு வேண்டிய பதினான்கு பாடல்களில் பத்தினை அந்த ஒரே நாளில் பதிந்துவிடுகிறார்கள். காலை பத்து மணிக்குத் தொடங்கி இரவு பத்தரையைக் கடந்தும் பணி நீள்கிறது. ஜான் லெனனுக்குச் சளி. தொண்டையைக் கிழிக்கும் பாடலொன்றைக் கடைசிக்கு ஒதுக்கிவைத்து, முதல் டேக்கிலேயே முடிக்கிறார்கள். இரண்டாவது முயற்சிக்குக் குரல் ஒத்துழைக்கவில்லை. அந்தக் கரகரப்பை உலகம் இன்றும் இளமையின் வேகம் என்று கேட்கிறது. அது ஒரு நாள் முழுதும் உழைத்துக் களைத்த குரல் என்பதை நாட்குறிப்பு நமக்குச் சொல்கிறது.

அடுத்து 1966 டிசம்பர் 22. ‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபார்எவர்’ என்னும் பாடலுக்கு இரண்டு வடிவங்கள் உருவாகிவிட்டன. ஏழாம் டேக் மென்மையானது. இருபத்தாறாம் டேக் முழக்கமானது. முன்னதன் தொடக்கமும் பின்னதன் எஞ்சிய பகுதியும் வேண்டும் என்கிறார் லெனன். இரண்டும் வேறு சுருதி, வேறு வேகம். தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் பொறியாளர் ஜெஃப் எமெரிக்கும் நாடாவின் வேகத்தை மாற்றி, பாடலின் முதல் நிமிடத்தை ஒட்டி இரண்டையும் வெட்டி இணைக்கிறார்கள். ஒட்டு இருக்கும் இடம் தெரிந்தபின் கேட்டால் அது காதில் படுகிறது. ஆயினும் பாடலின் அழகு எள்ளளவும் குறையவில்லை.

இதனை இங்குக் குறிப்பிடக் காரணம் உண்டு. நம் கவிஞர்கள் சிலர், கவிதை பிறந்த விதத்தைச் சொன்னால் அதன் மருமம் போய்விடும் எனக் கருதுகின்றனர். அடித்தல் திருத்தல் நிறைந்த தாளைக் கிழித்துப்போட்டுவிட்டு, வெள்ளைத் தாளில் படியெடுத்த கவிதையை மட்டும் நம்மிடம் தருகின்றனர். ஒட்டு தெரிந்தால் கூரை ஒழுகும் என்று அஞ்சுகிறோம். உண்மையான கட்டுமானத்திற்கு அந்த அச்சம் வேண்டியதில்லை என்பதே நான் இந்நூலில் கற்ற பாடம். 1968 ஆம் ஆண்டு ஜார்ஜ் ஹாரிசன் எழுதிய ஒரு பாடலுக்கு 102 டேக் வரை எண்ணிட்டார்கள். அந்தப் பாடல் ஆல்பத்தில் சேர்க்கப்படவே இல்லை. அந்தத் தோல்வியையும் லூயிசன் மறைக்கவில்லை. நூற்றிரண்டு முறை முயன்றும் கைவிட்ட பாடலைப் பற்றி அறிவது, பத்து முறை திருத்தியும் நிறைவுறாத ஒரு கவிதையோடு இரவில் விழித்திருக்கும் எவருக்கும் ஆறுதலாக இருக்கும்.

இனி 1967. ‘எ டே இன் தி லைஃப்’ என்னும் பாடலின் நடுவில், பின்னர் என்ன வைப்பது எனத் தெரியாமல் 24 தாள அளவுகளை வெறுமையாக விடுகிறார்கள். குழுவின் பயண உதவியாளர் மால் எவன்ஸ் அவ்வளவுகளை உரக்க எண்ணுகிறார். எண்ணி முடிந்ததை அறிவிக்கக் கடிகார மணி ஒலிக்கிறது. பிப்ரவரி 10 அன்று நாற்பது இசைக்கலைஞர்கள் வந்து அந்த வெற்றிடத்தை நிரப்புகிறார்கள். நிரப்பிய பிறகும் எண்ணியவரின் குரல் அடியில் மங்கலாக நிற்கிறது. கடிகார மணியையும் நீக்கவில்லை. பெட்டி சுமந்து வந்த ஒருவரின் குரல் ஒரு பெரும் படைப்பின் அடித்தளத்தில் தங்கிவிட்டது. நாட்குறிப்பு எழுதியவர் அவர் பெயரையும் அதற்குரிய இடத்தில் எழுதினார்.

எல்லாருக்கும் அந்த நற்பேறு கிட்டியதா? இங்கே நம் நாட்டவர் கதை வருகிறது. அதே ஆண்டு அதே குழு வெளியிட்ட ‘சார்ஜென்ட் பெப்பர்’ ஆல்பத்தில் ஹாரிசனின் பாடலொன்று பெரிதும் இந்திய இசைக்கருவிகளால் இயங்குவது. தில்ரூபாவும் தபலாவும் தம்பூராவும் வாசித்தோர் லண்டனில் வாழ்ந்த இந்தியர்கள். அக்காலத்தில் அங்கிருந்த ஏஷியன் மியூசிக் சர்க்கிள் என்னும் அமைப்பின் வழியே வந்தவர்கள். முந்திய ஆண்டு ஆல்பத்தின் உறையில் தபலா வாசித்த அனில் பகவத்தின் பெயரை அச்சிட்ட குழு, இந்த உறையில் இவர்கள் பெயரை அச்சிடவில்லை. அன்னா ஜோஷி, அம்ரித் கஜ்ஜர், புத்ததேவ் கன்சாரா, நட்வர் சோனி என்னும் நான்கு பெயர்கள் பலரும் அறிய வெளிவந்தது 2017 இல். இடையில் ஐம்பது ஆண்டுகள். மெழுகு உருவங்களும் அட்டை உருவங்களுமாக எத்தனையோ புகழாளர்களை நிறுத்திய அந்தப் புகழ்பெற்ற உறையில், உள்ளே வாசித்த நால்வரின் பெயருக்கு ஒரு வரி இல்லாமற் போயிற்று.

நம் நாட்டு ஒலிப்பதிவின் வரலாறோ ஒரு பெயரோடு தொடங்குகிறது. 1902 நவம்பரில் கல்கத்தாவில் கிராமபோன் கம்பெனியின் பிரெட் கைஸ்பெர்க் முன் பாடிய கௌஹர் ஜான், பாட்டின் முடிவில் தம் பெயரைத் தாமே ஆங்கிலத்தில் அறிவித்தார். தட்டு அச்சாவது ஜெர்மனியில். அங்கிருப்போர் பாடியவர் யாரெனத் தெரிந்து ஒட்டுத்தாள் ஒட்ட வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. தொழில் தேவைக்காகச் சொன்னதுதான். எனினும் நூறாண்டு கடந்து கேட்கும் நமக்கு அது ஒரு பெண்ணின் உரிமை முழக்கமாகவே ஒலிக்கிறது. அந்த முதற்காலப் பதிவுகளைத் தொகுத்து மைக்கேல் கின்னியர் வெளியிட்ட நூல் 1994 இல் பம்பாயிலிருந்து வந்தது. லூயிசன் நூலுக்கு நம் நாட்டில் நெருங்கிய உறவு என அதனைச் சொல்லலாம். தென்னகத்திலும் சேலம் கோதாவரி, காஞ்சிபுரம் தனகோடி அம்மாள், கோயம்புத்தூர் தாயி முதலிய பெண்களின் குரல்களே முற்காலத் தட்டுகளில் ஓங்கி ஒலித்தன. தாயியின் இசைத்தட்டைக் கேட்டு உருகிய பிரெஞ்சு இசையமைப்பாளர் மொரீஸ் தெலாஜ், அதனை அடியொற்றி ‘ராகமாலிகா’ என்னும் படைப்பையே இயற்றினார். அவர்களுக்குப் பின்னாலிருந்து வயலினும் மிருதங்கமும் வாசித்தவர்களில் எத்தனை பேரை நாம் அறிவோம்?

திரையிசையில் இந்த மறதி இன்னும் ஆழமானது. 1945 இல் வெளிவந்த ‘ஸ்ரீவள்ளி’யில், படம் வெளியானபின் நாயகியின் பாட்டுக்குரலை நீக்கி, பி.ஏ. பெரியநாயகியின் குரலைச் சேர்த்தார்கள். குரலை மாற்றிப் பொருத்திய அந்த நாள்களில் கூடத்தில் நடந்தவற்றை நாள்வாரியாகச் சொல்லும் ஏடு நம் கையில் இல்லை. ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் தனியொருவராகத் திரட்டி 2004 இல் நூலாக்கிய தமிழ்த் திரைப்பட வரலாறும், வாமனன் எழுதிய ‘திரை இசை அலைகள்’ தொகுதிகளும் இல்லையேல் நம் நிலை இன்னும் இரங்கத்தக்கதாக இருந்திருக்கும்.

இத்தகைய பதிவு நம் மரபுக்குப் புதிதா என்று கேட்டால், இல்லை என்பதே விடை. பரிபாடலை நினைவுகூருங்கள். எழுபது பாடல்களில் நமக்கு முழுமையாகக் கிடைத்தவை இருபத்திரண்டே. உ.வே.சாமிநாதையர் 1918 இல் அதனைப் பதிப்பித்தார். அப்பாடல்களின் அடிக்குறிப்புகளில் பாடல் இயற்றியவர் பெயரும், அதற்கு இசை வகுத்தவர் பெயரும், பண்ணின் பெயரும் தனித்தனியே காணப்படுகின்றன. மூன்றாம் பாடலை இயற்றியவர் கடுவன் இளவெயினனார். இசை வகுத்தவர் பெட்டனாகனார். ஆறாம் பாடலை இயற்றியவர் ஆசிரியன் நல்லந்துவனார். இசை வகுத்தவர் மருத்துவன் நல்லச்சுதனார். இரண்டுக்கும் பண் பாலையாழ். சில பாடல்களுக்கு இக்குறிப்பு சிதைந்துவிட்டது. எஞ்சியவை போதும். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய நம் இலக்கியத்தில், இசையமைத்தவருக்கும் ஓர் இருக்கை இருந்தது என்பதற்கு அவையே சான்று. மெட்டு மறைந்துவிட்டது, மெட்டமைத்தவர் பெயர் மறையவில்லை.

பெயர் கிடைக்காதபோது நம் தொகுப்பாசிரியர்கள் என்ன செய்தார்கள்? குறுந்தொகையில் செம்புலப்பெயல்நீரார் இருக்கிறார். அணிலாடு முன்றிலார் இருக்கிறார். இயற்பெயர் தொலைந்த இடத்தில், அவர்கள் ஆண்ட சொற்றொடரையே பெயராக்கி நிறுத்தினார்கள். அந்த இடத்தை வெறுமையாக விட அவர்களுக்கு மனம் ஒப்பவில்லை.

இந்த இடத்தில்தான் என் பிழையைச் சொல்ல வேண்டும்.

2003 ஆம் ஆண்டு. என் முனைவர் பட்ட ஆய்வுக்காகச் சாத்தூரை அடுத்த சிற்றூர்களில் தாலாட்டும் ஒப்பாரியும் திரட்டிக்கொண்டிருந்தேன். பகலில் பட்டாசு ஆபீசுக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் போய்விடும் பெண்கள் மாலையில்தான் கிடைப்பார்கள். ஒரு வீட்டுத் திண்ணையில், தாள் குழாய் உருட்டிக்கொண்டே ஒரு மூதாட்டி ஒப்பாரி சொன்னார். காசெட்டில் பதிந்தேன். அன்று அவர் தந்த பாட்டே என் ஆய்வேட்டின் நான்காம் இயலுக்கு உயிர். ஆய்வேட்டின் பின்னிணைப்பில் அவரைப் பற்றி நான் எழுதியது இவ்வளவே: தகவலாளர் 14, பெண், வயது ஏறத்தாழ 60, பட்டாசுத் தொழில்.

லூயிசன் நூலைப் படித்து முடித்த இரவில் அந்தக் காசெட்டைத் தேடி எடுத்தேன். ஓடுகிற கருவி ஒன்றைக் கண்டுபிடிக்கவே இரண்டு வாரம் ஆயிற்று. கேட்டபோது திடுக்கிட்டேன். ஏட்டில் ஒரே பாட்டாக நான் அச்சிட்டது நாடாவில் மூன்று முயற்சிகளாக இருந்தது. முதல் முறை பாதியில் நிறுத்தி, “நில்லு தாயி, தப்பாச் சொல்லிட்டேன்” என்கிறார். இரண்டாம் முறை வேறொரு பெண்குரல் குறுக்கிட்டு, “அத்தே, அப்படி இல்லத்தே” என்று ஓர் அடியை எடுத்துக் கொடுக்கிறது. மூன்றாம் முறை இருவரும் சேர்ந்து சொல்கிறார்கள். குழாய் உருளும் ஓசை இடையறாமல் கேட்கிறது. அடி முடியும் இடத்தில் அதுவும் ஒரு கணம் நிற்கிறது. வேலையின் கதியே பாட்டின் தாளம். இவை எல்லாவற்றையும் இரைச்சல் எனக் கருதி நீக்கிவிட்டு, மூன்று வடிவங்களையும் கலந்து ‘செம்மையான’ பாடமொன்றை உருவாக்கியிருக்கிறேன். ஒட்டுப்போட்டதைச் சொல்லவும் இல்லை. எடுத்துக் கொடுத்த அந்த இரண்டாம் குரலுக்கு என் ஏட்டில் எண்கூட இல்லை.

அந்த ஊருக்குச் சென்றேன். திண்ணை இருந்த வீடு இல்லை. குடும்பம் திருப்பூர்ப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். மூதாட்டி காலமாகிப் பல ஆண்டுகள் ஆயின. அவரை நினைவுவைத்திருந்தோரும் உறவுமுறை சொல்லித்தான் குறிப்பிட்டார்கள். இயற்பெயர் எவர் வாயிலும் வரவில்லை. அன்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் ஒரு நொடியில் கிடைத்திருக்கும் பெயர் அது. நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை என்பதே உண்மை.

அந்த ஒப்பாரியில், மழை நாளில் சரக்குக் காயாமல் கூலி போன துயரைச் சொல்லும்போது, “கடனா வாங்குன வெயிலு” என்றொரு தொடர் வருகிறது. வெயில் இல்லையேல் இங்கே வேலை இல்லை என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அந்த வெயிலையும் கடனாக வாங்கியதாகச் சொன்ன வாய் எத்தகைய கவிஞரின் வாய்! என் ஆய்வேடு நூலாக வரும்போது, மூன்று வடிவங்களையும் தனித்தனியே அச்சிட்டு, குறுந்தொகைத் தொகுப்பாசிரியர் காட்டிய வழியில் ‘கடன்வெயிலார்’ என்று அவர் பெயரை இடப்போகிறேன். இரண்டாம் குரலையும் குறிப்பேன். இது பரிகாரமன்று. தொலைத்த பெயருக்கு ஈடாக எந்தச் சிறப்புப் பெயரும் நிற்காது.

நண்பர்களே, இது என் ஒருத்தியின் பிழை மட்டுமன்று. நாம் வாழும் நிலப்பகுதியின் பழக்கமும் இதுவே. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922 இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த வரலாற்றை நம் பிள்ளைகள் அறிவார்கள், அறியத்தான் வேண்டும். முதல் தீப்பெட்டிக்குக் கட்டை அடுக்கிய கைகள் எவருடையவை? 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். எண்ணிக்கை நம் நினைவில் இருக்கிறது. ஒரு பெயரேனும் இருக்கிறதா? பட்டாசுப் பெட்டியின் மேல் தெய்வப் படமும் நடிகர் படமும் உண்டு. திரி வைத்தவர் பெயருக்கு இடமில்லை.

மாறான முன்மாதிரியும் நம்மிடம் உண்டு. கோவில்பட்டியில் வாழ்ந்து சிவகாசி நாட்காட்டிகளுக்குத் தெய்வப் படங்கள் வரைந்த சி. கொண்டைய ராஜுவின் ஓவியங்கள் பலவற்றில், மாணவர் டி.எஸ். சுப்பையாவின் கையொப்பமும் ஆசிரியரின் பெயரோடு சேர்ந்திருக்கும். நம் வீட்டுச் சுவரில் தொங்கிய முருகனின் காலடியில் இரண்டு பெயர்கள் இருந்தன. நாம் படத்தைக் கும்பிட்டோம், பெயர்களைப் படிக்கவில்லை.

இறுதியாக நம் வட்டத்திற்கு வருகிறேன். இவ்வுரைக்காகச் செயலாளரிடம் வட்டத்தின் பதிவேட்டைக் கேட்டு வாங்கினேன். பத்தாண்டுகளில் மாதம் ஒரு கூட்டம். ஒவ்வொரு கூட்டத்திற்கும் நாள் இருக்கிறது. தலைமை தாங்கியவர் பெயர் இருக்கிறது. நன்றி நவின்றவர் பெயர் இருக்கிறது. வாசிக்கப்பட்ட கவிதை இல்லை. யார் எந்தச் சொல்லை மாற்றச் சொன்னார், கவிஞர் ஏற்றாரா மறுத்தாரா என்பது இல்லை. இந்த அறையில் ஒரு சொல்லுக்காக ஒரு மணி நேரம் வாதிட்டிருக்கிறோம். அந்த வாதத்தின் ஈரம் நம் உள்ளங்களோடு போய்விடும்.

எனவே பத்தாம் ஆண்டின் பெயரால் இரண்டு வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். அடுத்த கூட்டம் முதல், வாசிக்கப்படும் ஒவ்வொரு கவிதையின் கைப்படியும், நாளும், வந்திருந்தோர் பெயரும், சொல்லப்பட்ட திருத்தங்களும் ஒரு பேரேட்டில் ஏறட்டும். கவிஞர்கள் அடித்தல் திருத்தலோடு கூடிய தாளையே தரட்டும், வெட்கம் வேண்டா.

இரண்டாவது, இந்த மலரைப் பற்றியது. இது சிவகாசியில்தான் அச்சாகிறது. கட்டுரையாளர் பெயரும் புரவலர் பெயரும் முன்பக்கங்களில் வரும். கணினியில் எழுத்துக் கோத்தவர், அச்சுப்பொறி இயக்கியவர், தாள் மடித்துத் தைத்து ஒட்டிய பெண்கள் ஆகியோரின் பெயர்கள், அவர்கள் இசைந்தால், இறுதிப் பக்கத்தில் இடம்பெறட்டும். அச்சகத்திற்குப் போய் அவர்களைக் கேட்டு எழுதிவரும் பொறுப்பை நானே ஏற்கிறேன். ஒரு முறை கேட்காமல் வந்தவள் நான். இம்முறை கேட்டு வருவேன்.